மடிநோய்க்கு மருந்து போட்ட பால்: வீட்டுக்கு மட்டும் ஆகுமா?

கறவை மாடு உள்ள வீடுகளில் எப்போதாவது ஒரு நாள் தயிர் தோயாமல் போகும். இரவு உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே இருக்கும். உறை பழசு என்பார்கள். குளிர் அதிகம் என்பார்கள். இரண்டு நாளைக்கு முன் மாட்டின் காம்பில் மருந்து ஏற்றியதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிர்தான். மடிநோய்க் கிருமியைக் கொல்வதற்காகப் போட்ட மருந்து பாலோடு இறங்கி, உறையில் உள்ள நல்ல கிருமியையும் வளர விடாமல் செய்துவிடுகிறது. தயிர் தோயாவிட்டால் நட்டம் ஒரு படி பாலோடு போயிற்று. அதே பாலில் காபி போட்டுக் குடிப்பவருக்கு அந்த மருந்து உடம்புக்கு ஒவ்வாததாக இருந்தால் நடப்பது வேறு.

சென்ற ஆண்டு கோவை மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குத் தீவனப் பயிர்ப் பயிற்சிக்காகப் போயிருந்தேன். எப்போதும் முன் வரிசையில் வந்து உட்காரும் விவசாயி ஒருவர் அன்று வரவில்லை. ஒன்றரை ஏக்கர் பூமியும் இரண்டு கலப்பினப் பசுக்களும் வைத்திருப்பவர். மாலையில் அவர் தோட்டத்துக்கே போனேன். அவருடைய மனைவி முதல் நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார். முகத்தில் வீக்கம் இன்னும் முழுதாக வடியவில்லை.

நடந்தது இதுதான். ஒரு பசுவுக்குப் பின்பக்கக் காம்பு ஒன்றில் பால் திரிதிரியாக வந்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, காம்பு வழியாக மடிக்குள் ஏற்றும் டியூப் மருந்தை மூன்று நாட்களுக்குப் போடச் சொன்னார். மருந்து முடிந்து ஒரு வாரம் வரை சங்கத்துக்குப் பால் ஊற்றக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர்களும் அப்படியே செய்தார்கள்.

"சங்கத்துக்கு ஊத்தலீங்க. மத்த மூணு காம்புப் பாலு நல்லாத்தானுங்க இருந்துது. அத்தனையும் கீழ கொட்டறதுக்கு மனசு வல்லீங்க. ஊட்டுக்கு வெச்சுக்கிட்டோமுங்க" என்றார் விவசாயி.

இரண்டாம் நாள் காலை அந்தப் பாலில் காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் அந்த அம்மாவுக்கு உள்ளங்கை அரித்தது. பிறகு உடம்பெல்லாம் காணாக்கடி போலத் தடித்தது. உதடும் கண் இமையும் வீங்கின; நெஞ்சை அடைத்துக்கொண்டு மூச்சு இழுத்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். ஊசி போட்ட சிறிது நேரத்தில் மூச்சு சீரானது. என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ஒன்றுமே சாப்பிடவில்லை. முன்பு எந்த மருந்தாவது ஆகாமல் போனதுண்டா என்று கேட்டபோதுதான், பன்னிரண்டு வயதில் காலில் புண்ணுக்குப் போட்ட பென்சிலின் ஊசியில் மயங்கி விழுந்ததை அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் "எனக்குப் பென்சிலின் ஆகாதுங்க" என்று முதலில் சொல்லிவிடுவாராம். அந்த டாக்டரும் மாடு கன்று உள்ள வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது. அவருடைய அடுத்த கேள்வி, "மாட்டுக்கு ஏதாவது மருந்து போட்டீங்களா?" என்பது. டியூப்பில் இருந்தது பென்சிலின் குடும்ப மருந்து.

பாலை ஆய்வுக்கு அனுப்பி உறுதி செய்யவில்லை என்பதால் பாலால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த டாக்டர் சந்தேகப்பட்டது அதைத்தான். எனக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. மருந்து கலந்த பாலால் பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு இப்படி நேர்வது புதிதும் அல்ல. 1960-களிலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மருத்துவ இதழ்களில் எழுதப்பட்ட விஷயம்.

அன்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கறவை மாட்டுப் பயிற்சிகளில் "மருந்து போட்ட மாட்டுப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள்" என்று சொல்லி வந்திருக்கிறேன். "வீட்டிலும் குடிக்காதீர்கள்" என்று ஒரு தடவைகூடச் சேர்த்துச் சொன்னதாக நினைவில்லை. சொல்லாமலே புரியும் என்று நினைத்துவிட்டேன். கொட்ட மனம் வராத பால் எங்கே போகும் என்று யோசித்திருக்க வேண்டும்.

மருந்தின் மேல் பழி இல்லை

பென்சிலினைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு பூசணத்திலிருந்து கண்டறிந்த இந்த மருந்து காப்பாற்றிய மனித உயிர்களுக்கும் மாடுகளுக்கும் கணக்கில்லை. நம் நாட்டிலேயே இதைத் தயாரிக்க 1954-ல் புனே அருகில் பிம்ப்ரியில் அரசுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கடும் மடிநோயில் இப்போதும் ஆன்டிபயாடிக் மருந்து இல்லாமல் முடியாது. நல்ல மருந்துதான், சிலருக்கு மட்டும் ஆவதில்லை.

ஆகாமல் போவது எப்படி? பென்சிலின் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி இரத்தத்தில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. சிலருடைய உடம்பு இப்படி ஒட்டிய புரதத்தை அந்நியப் பொருள் என்று எண்ணி, அதற்கு எதிராக ஒரு வகைக் காவல் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். முதல் தடவை பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த தடவை அதே மருந்து வரும்போது அந்தக் காவல் பொருள் பாய்ந்து வேலை செய்கிறது. ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. தோல் தடிக்கிறது, மூச்சுக் குழல் சுருங்குகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. இதன் கடுமையான நிலையை 'அனபிலாக்சிஸ்' என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சில நிமிடங்களில் உயிரைக் கொண்டு போகக் கூடியது. "போன தடவை போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்ற பேச்சு இதில் செல்லாது. ஊசியாகப் போடும்போதுதான் இது அதிகம் வருகிறது. வாய் வழியாகப் போனால் அவ்வளவு அடிக்கடி வராது. ஆனால் வராமல் இல்லை.

ஒரு டியூப் மருந்தின் கணக்கு

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் யூனிட் பென்சிலின் என்றால் எடையில் 60 மில்லிகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு 1990-ல் இதை ஆராய்ந்தபோது, 40 மைக்ரோகிராமுக்கும் குறைவான பென்சிலின் உணவோடு போனதால் ஒவ்வாமை கண்டவர்கள் இருப்பதைக் கவனித்தது. ஆகவே ஒரு மனிதருக்கு ஒரு நாளில் உணவு மூலம் 30 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்றது. பாலில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்பது உலக உணவுத் தர அமைப்பின் உச்ச வரம்பு.

காம்பில் ஏற்றிய மருந்தில் பெரும் பகுதி பாலோடுதான் திரும்பி வருகிறது. முதல் சில கறவைகளில் மிக அதிகம். ஒரு லட்சம் யூனிட் ஏற்றி, அதில் பாதி அடுத்த கறவையில் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 30,000 மைக்ரோகிராம். அந்த வேளை மாடு நாலு லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 7,500. காபிக்கு நூறு மில்லி பால் விட்டால் அதில் 750 மைக்ரோகிராம். அதே பால் சங்கத்தில் 3,000 லிட்டரோடு கலந்தால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். அதுவும் வரம்புக்கு மேல்தான். மொத்தப் பாலையும் திருப்பி அனுப்ப வைக்கும். ஆனால் குடிக்கிறவருக்கு உள்ள ஆபத்தைப் பார்த்தால் சங்கத்துப் பாலைவிட வீட்டுப் பால்தான் பல மடங்கு கடுமை. சங்கத்துக்கு ஆகாத பால் வீட்டுக்கு ஆகும் என்பது கணக்குக்கே ஒத்து வரவில்லை.

காய்ச்சினால் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. கொதிக்கும் பாலில் கிருமி சாகும். பென்சிலின் ஓரளவுதான் குறையும். தயிர் தோய்ந்துவிட்டால் பாலில் மருந்து இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் கூடாது. கொஞ்சம் மருந்து இருந்தும் தயிர் தோயலாம். நல்ல காம்புகளின் பால் மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்பதும் சரியல்ல. ஒரு காம்பில் ஏற்றிய மருந்தும் இரத்தத்தில் கலந்து ஓரளவு மற்றக் காம்புகளில் இறங்கும். கழுத்திலோ தொடையிலோ போடும் ஊசி மருந்தும் நாலு காம்பிலும் வரும்.

பெயரைப் படியுங்கள்

பென்சிலின் ஆகாது என்று தெரிந்தவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. டியூப்பின் மேல் பென்சிலின் என்று எழுதியிருக்காது. ஆம்பிசிலின், குளாக்சசிலின், அமாக்சிசிலின் என்று இருக்கும். 'சிலின்' என்று முடிவதெல்லாம் ஒரே குடும்பம் என்று நினைவில் வையுங்கள். டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் என்று 'சைக்ளின்' என முடிபவை வேறு குடும்பம். காதில் ஒன்று போல விழுவதால் குழம்ப வேண்டாம். 'செப்' என்று தொடங்கும் செபலெக்சின், செப்டிரையாக்சோன், செப்டியோபர் ஆகியவை பென்சிலினுக்குப் பங்காளி முறை. பென்சிலின் ஆகாதவர்களில் சிலருக்கு மட்டும் இவையும் ஆகாமல் போகும். முன்பு கடும் ஒவ்வாமை கண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது.

சல்பா மருந்துகள் இன்னொரு தனிக் குடும்பம். மனிதருக்கும் தருகிறார்கள், கன்றுக் கழிச்சலுக்கும் தருகிறார்கள். இதில் வரும் கெடுதல் சில பேருக்கு மெதுவாக, மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட வரும். காய்ச்சலோடு வாய், கண் புண்ணாகித் தோல் கொப்பளித்து உரிந்தால், மாத்திரையை அக்கணமே நிறுத்திவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அம்மை போட்டிருக்கிறது என்று வீட்டில் வேப்பிலை கட்டிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

வீட்டில் யாருக்காவது மருந்து ஆகாது என்றால் கால்நடை மருத்துவர் டியூப்பைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வேறு குடும்ப மருந்து பொருந்துமா என்று அவர் பார்ப்பார். ஒவ்வாமை உள்ளவர் அந்த மருந்தைக் கையால் தொடவோ, சிரிஞ்சில் ஏற்றவோ, மருந்து போட்ட மாட்டைக் கறக்கவோ வேண்டாம். பென்சிலினும் ஸ்டிரெப்டோமைசினும் அடிக்கடி கையில் பட்டே நர்சுகளுக்கும் மாட்டு வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் கைத்தோலில் கரப்பான் வருவதுண்டு.

மாட்டுக்கும் உண்டு

மாட்டுக்கும் இந்த ஒவ்வாமை வரும். அரிதுதான். ஊசி போட்டதும் மருத்துவருக்குக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவது நம் பழக்கம். அரை மணி நேரம் கட்டுத்தரையிலேயே வைத்துக் கவனியுங்கள். கண் இமை, முகவாய், அறை ஆகியவை வீங்குவது, உடம்பு முழுக்கத் திட்டுத்திட்டாகத் தடிப்பது, வாயில் நீர் வடிவது, வயிறு உப்புவது, உடம்பு நடுங்குவது எல்லாம் அடையாளங்கள். மாட்டுக்கு நுரையீரலில்தான் இது அதிகம் தாக்கும். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரைத் திரும்ப அழையுங்கள். அட்ரினலின் ஊசி அவர் கையில் இருக்கும். தப்பிய மாட்டுக்கு எந்த மருந்து ஆகவில்லை என்பதை எழுதி வைத்து, விற்கும்போது வாங்குபவரிடம் சொல்வதுதான் நியாயம்.

ஜெர்சி இனத்தில் ஒரு வினோதம் உண்டு. சினை மாட்டை வற்ற விடும்போது பால் மடியிலேயே தேங்கினால், தன் பாலில் உள்ள புரதமே இரத்தத்தில் ஏறி அதற்கு ஒவ்வாமையாகி உடம்பு தடிக்கும். வற்ற விடும் நேரத்தில்தான் மடிக்குள் டியூப் மருந்தும் ஏற்றுகிறோம். தடிப்பைக் கண்டதும் மருந்தின் மேல் பழி போடுவார்கள். எது காரணம் என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பாலினால் வந்ததென்றால் மடியைக் கறந்து காலி செய்வதும் வைத்தியத்தில் ஒரு பகுதி. (வற்றக் காலத்து டியூப் நீண்ட நாள் மடியில் தங்கும்படி செய்தது. கறவையில் உள்ள மாட்டுக்கு அதைப் போட்டுவிட்டால் வாரக்கணக்கில் பால் கெட்டது.)

மனிதருக்கு வந்தால்

மருந்தோ பாலோ உள்ளே போன சிறிது நேரத்தில் தடிப்போடு மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, குரல் மாற்றம், மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விட வேண்டாம். இதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். கடையில் அரிப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. சரியான பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்வார்கள். சிலருக்குத் திரும்ப ஒரு தடவை வரும் என்பதால் அவசரப்பட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிட்டு வயிற்றைப் புரட்டியது, பேதியானது என்பதற்காக "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அது ஒவ்வாமை அல்ல. குழந்தைக் காய்ச்சலில் காய்ச்சலாலேயே வந்த தடிப்பும் மருந்தின் கணக்கில் போய்விடுகிறது. உண்மையான ஒவ்வாமைகூட, மறுபடி மருந்து படாமல் பத்து ஆண்டுகள் கழிந்தால் பெரும்பாலோருக்குத் தேய்ந்து போகிறது. அமெரிக்காவில் பத்தில் ஒருவர் தமக்குப் பென்சிலின் ஒவ்வாது என்கிறார்கள். சோதித்தால் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறுவதில்லை. வீணாக இந்தப் பட்டத்தைச் சுமப்பவருக்கு மலிவான நல்ல மருந்து கிடைக்காமல் விலை கூடிய மருந்து வந்து சேர்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுச் சோதித்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரு வாய் பால் குடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. ஊசிக்கு முன் கையில் போடும் டெஸ்ட் டோஸ் சரியாக இருந்தாலும் அதுவே முழு உத்தரவாதம் அல்ல. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

எத்தனை நாள்?

எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அது மருந்தின் உறையில் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2012-ல் மருந்து விதிகளில் திருத்தம் செய்தார்கள். நாள் கணக்கு நிர்ணயிக்கப்படாத மருந்தானால் பாலுக்கும் முட்டைக்கும் 7 நாளுக்கும், இறைச்சிக்கு 28 நாளுக்கும் குறையக் கூடாது. முதல் டியூப் போட்ட நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அது தவறு. கடைசி டியூப்பிலிருந்து எண்ண வேண்டும். மருந்து போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி ஒன்று கட்டுங்கள். வீட்டில் யார் கறந்தாலும் தெரியும். அதைக் கடைசியாகத் தனிப் பாத்திரத்தில் கறவுங்கள். அந்தப் பாலைக் கன்றுக்கும் விட வேண்டாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் கன்றின் குடலில் வளர அது வழி செய்யும். கிணறு, ஓடைப் பக்கம் இல்லாத இடத்தில் குழி தோண்டி ஊற்றி மூடிவிடுங்கள்.

சொல்வது எளிது. நாளுக்கு எட்டு லிட்டர் கறக்கும் மாட்டில் பத்து நாள் என்றால் 80 லிட்டர் மண்ணுக்குப் போகிறது. சிறு விவசாயிக்கு அது அந்த மாதத் தவிட்டுக் கடன் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் மருந்து வரை போகாமல் பார்த்துக்கொள்வதில் கருத்து வைக்கச் சொல்கிறேன். கறக்கும் முன் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள்; திரி இருந்தால் முதல் நாளே தெரியும். கட்டை விரலை மடக்கிக் கறக்காமல் முழுக்கையால் கறவுங்கள். கறந்ததும் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமல் நிற்கத் தீவனம் போடுங்கள். நோயின் தொடக்கத்தில் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைத்து நாளுக்குப் பத்துத் தடவை மடியில் பூசும் மூலிகை முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரப்பி வருகிறது. மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, பாலில் இரத்தம் கண்டாலோ பூச்சோடு நிற்காமல் மருத்துவரை அழையுங்கள். மிச்சமிருக்கும் பழைய டியூப்பைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுக்கிற உதவியை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போனேன். கட்டுத்தரைத் தூணில் ஒரு நாற்பது பக்க நோட்டுத் தொங்கியது. எந்த மாடு, என்ன மருந்து, கடைசியாகப் போட்ட நாள், பால் எடுக்கலாம் என்ற நாள் என்று நாலு பத்தி. எழுதுவது அந்த அம்மாதான். அட்டையில் பெரிய எழுத்தில் "பென்சிலின் ஆகாது" என்று எழுதி, கீழே தம் பெயரையும் எழுதியிருந்தார். மாட்டுக்கா உங்களுக்கா என்று கேட்டேன். "டாக்டரு வந்தா மொதல்ல இதத்தானுங்க பாக்கோணும்" என்றார்.

மாட்டுக்கு ஊசியோ டியூப்போ போட்ட பின் சந்தேகம் எழுந்தால் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.